முட்டி வலிக்கு ஐந்து வழிகள்: எந்த ஆராய்ச்சியை எவ்வளவு நம்பலாம்?

அம்மாவின் வலது முட்டிக்கென்று எங்கள் வீட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பையையே ஒதுக்கியாகிவிட்டது. இரண்டு எக்ஸ்ரே, ஒரு எம்.ஆர்.ஐ., மூன்று டாக்டர்களின் சீட்டுகள், ஒரு கிளினிக்கில் கொடுத்த பளபளப்பான மடிப்புத்தாள், பிசியோதெரபிஸ்ட் பேனாவால் படம் போட்டுத் தந்த ஒரு தாள். எல்லாம் ஆறே மாதத்தில் சேர்ந்தவை. அம்மாவுக்கு வயது 64. மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு வலி எப்படி என்று எங்களால் சொல்லிவிட முடியும்.

பையில் இருக்கும் யோசனைகள் ஐந்து: கீஹோல் ஆபரேஷன், பி.ஆர்.பி. ஊசி, குளுக்கோசமைன் மாத்திரை, பயிற்சியோடு எடைக் குறைப்பு, மூட்டு மாற்று அறுவை. ஐந்துக்கும் "நல்லா கேட்குதுப்பா" என்று சாட்சி சொல்ல உறவில் ஆள் உண்டு. ஐந்துக்கும் "ஆராய்ச்சி இருக்கு" என்று சொல்லவும் ஆள் உண்டு. நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். யார் எதை நல்லது என்றாலும் "எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்டுவிடுவேன். வீட்டில் இதை முட்டி வலியை விடப் பெரிய வியாதியாகப் பார்க்கிறார்கள்.

வைத்தியம் எதையும் தொடங்குவதற்கு முன் ஆறு வாரம் ஒரு வேலை செய்தோம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், ராத்திரி படுக்கும் முன் அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அம்மா மார்க் போட வேண்டும். அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த அன்று 8. மறுநாளும் 8. அடுத்த வாரக் கடைசியில் 5. பதினைந்தாம் நாள் 4. அப்புறம் மெல்ல ஏறி 6. இடையில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெந்நீர் ஒத்தடம்கூட இல்லை.

டாக்டரிடம் நாம் போவது 8 போட்ட அன்றுதான். 4 போட்ட அன்று யாரும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருவதில்லை. அந்த 8-ஆம் மார்க் நாளில் ஓர் ஊசி போட்டிருந்தால், பதினைந்தே நாளில் பாதி வலி பறந்துவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். அதில் பொய்யும் இருந்திருக்காது. வலி உச்சத்தில் இருக்கும்போது அளந்தால் அடுத்த அளவு பெரும்பாலும் கீழேதான் வரும். காசு கொடுத்தாயிற்று என்ற நம்பிக்கையும், டாக்டர் பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசிய ஆறுதலும் அதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரு வைத்தியம் வேலை செய்ததா என்று தெரிய, அதே நாட்களை அந்த வைத்தியம் இல்லாமல் கடந்த இன்னொரு கூட்டம் வேண்டும். தங்களுக்கும் வைத்தியம் நடக்கிறது என்று அந்தக் கூட்டமும் நம்பிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. பையில் இருந்த ஐந்தையும் இந்த ஒரு தராசில்தான் போட்டுப் பார்த்தேன்.

முதல் டாக்டர் எம்.ஆர்.ஐ.யை விளக்கு முன்னால் பிடித்து, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, உள்ளேயும் தேஞ்சு பிசிறா இருக்கு. சின்ன ஓட்டை போட்டுக் கழுவிச் சுத்தம் பண்ணிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது. துரு பிடித்த கீலைச் சுரண்டி எண்ணெய் விடுவது மாதிரி.

மாத்திரைக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், ஆபரேஷனுக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் ஹூஸ்டனில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் அதையும் செய்தார். முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு குழுவுக்கு வெறுமனே கழுவி விட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு நடந்தது நாடகம். மயக்கம் கொடுத்து, தோலில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல் போட்டார்கள். டாக்டர் வழக்கம்போல ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், கழுவுகிற சத்தம் வர உப்புநீரைத் தெளித்தார்கள். முட்டிக்குள் எதுவும் போகவில்லை. யாருக்கு எது என்ற உறையை டாக்டரே ஆபரேஷன் அறைக்குள் வந்துதான் பிரித்தார்.

2002-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்ததில் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. நடப்பதிலும் படியேறுவதிலும் இரண்டாம் வாரத்திலும் ஓராண்டிலும் சுரண்டிய குழு நாடகக் குழுவை விடக் கொஞ்சம் பின்தங்கியே இருந்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் வருஷத்துக்கு ஆறரை லட்சம் பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு சோதனை என்றால் நானும் தயங்குவேன். ஒரே டாக்டர் செய்தது, நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள். இரண்டு ஆட்சேபமும் நியாயமானவைதான். ஆனால் 2008-இல் கனடாவில் 178 பேரிடம் நடந்த சோதனையில், பயிற்சியோடும் மருந்தோடும் இந்த ஆபரேஷனையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. 2013-இல் பின்லாந்தில், தேய்மானம் அதிகம் இல்லாமல் ஜவ்வுக் கிழிசல் மட்டும் இருந்த 146 பேரிடம் மறுபடியும் போலி ஆபரேஷன் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் அதே விடை. நாடு வேறு, டாக்டர்கள் வேறு, நோயாளிகள் வேறு, பதில் மட்டும் மாறவில்லை. கணக்குக்காரனுக்கு இதைவிட ருசியான விஷயம் கிடையாது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் கண்ணெதிரே தெரிகிற கிழிசல்? அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேருக்கு, வலி உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஸ்கேன் எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. நரை மாதிரி அதுவும் வயதோடு வருவது. இளம் வயதில் விளையாடி அடிபட்டவருக்கும், முட்டி மடங்கிப் பூட்டிக்கொண்டவருக்கும் கதை வேறு. அம்மா கபடி ஆடியவள் இல்லை. பையில் இருந்த ஐந்தில் கறாரான ஆதாரம் இந்த ஆபரேஷனுக்குத்தான் இருக்கிறது, செய்யாதே என்று. அந்தச் சீட்டு பையின் அடிக்குப் போனது.

அடுத்து பி.ஆர்.பி. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து முட்டிக்குள் செலுத்துகிறார்கள். "உங்க ரத்தமே உங்களுக்கு மருந்தும்மா" என்றார் கிளினிக்கில் இருந்த பெண். அந்த வாக்கியத்தில் அம்மா பாதி விழுந்துவிட்டாள். மடிப்புத்தாளில் ஊசிக்கு முன் உயரமான ஒரு சிவப்புப் பட்டை, ஊசிக்குப் பின் குட்டையாக ஒரு பச்சைப் பட்டை. ஒப்பீட்டுக்கு மூன்றாவது பட்டை இல்லை. அது இல்லாத தாளை நான் மேலே படிப்பதில்லை.

தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பது உண்மை. இருப்பதாலேயே அவை குருத்தெலும்பை வளர்த்துவிடும் என்று ஆகிவிடாது. 2021-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் மெல்போர்னிலும் 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு உப்புநீர். வாங்கிக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பத்துக்கு எத்தனை என்று கேட்டதில் பி.ஆர்.பி. குழுவில் 2.1 புள்ளி குறைந்திருந்தது, உப்புநீர்க் குழுவில் 1.8. குருத்தெலும்பு இரண்டு குழுவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேய்ந்திருந்தது. மடிப்புத்தாளில் 2.1 மட்டும் இருக்கும். 1.8-ஐ நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பி.ஆர்.பி. தயாரிப்பு இடத்துக்கு இடம் மாறும். அந்த ஆஸ்திரேலியத் தயாரிப்பு கேட்கவில்லை என்பதால் எல்லாமே கேட்காது என்று ஆகாது என்பார்கள். சரிதான். "அப்போ நீங்க போடுற தயாரிப்பை உப்புநீரோட ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எது?" என்று அந்தக் கிளினிக்கில் கேட்டேன். இன்னொரு மடிப்புத்தாள் கொடுத்தார்கள்.

ஊசி என்றதும் ஸ்டீராய்டும் நினைவுக்கு வரும். அது சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த 2017-ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று இருக்கிறது, 140 பேர். வலியில் உப்புநீரை விட மேலாக இல்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. இதைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேசவில்லை.

குளுக்கோசமைன் சித்தியின் கட்சி. மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறாள், "அதனாலதான் நான் நடமாடுறேன்" என்கிறாள். நிறைய குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. சைவமே கதி என்றிருக்கும் சித்தியிடம் இதை இன்னும் சொல்லவில்லை, சொல்கிற தைரியமும் இல்லை.

இந்த மாத்திரைக்கு நடந்த பெரிய சோதனை 2006-இல் வெளியானது. அமெரிக்காவில் 1583 பேர், ஐந்து குழு, 24 வாரம். வலி 20 சதவீதமாவது குறைந்தால் பலன் என்று கணக்கு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. குளுக்கோசமைனில் 64, அதோடு காண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு மூட்டு மாத்திரையும் சேர்ந்ததில் 66.6. இரண்டுமே தற்செயலாக வரக்கூடிய வித்தியாசத்துக்குள்தான். செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை 70.1 எடுத்துத் தேறியது. நூறு பேரில் அறுபது பேர் வெறும் மாவு மாத்திரையில் தேறியிருக்கிறார்கள் என்ற அந்த எண்ணைத்தான் சித்திக்கு எழுதிக் காட்ட ஆசை.

ஆனால் அதே கட்டுரைக்குள் ஒரு சின்னச் சந்து இருந்தது. வலி அதிகமாக இருந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தால் கூட்டு மாத்திரைக்கு 79.2, வெற்று மாத்திரைக்கு 54.3 என்று வந்தது. விளம்பரங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்படிக் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் தருவதைச் சோதித்த 1988-ஆம் ஆண்டு ஆய்வில் 17,187 பேர். ஆஸ்பிரின் உயிர்களைக் காப்பாற்றியது சந்தேகமில்லாமல் தெரிந்தது. வயது, நோய் என்று பிரித்துக் காட்டச் சொல்லி இதழ்க்காரர்கள் கேட்டபோது, ஆய்வாளர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மேல்நாட்டுக் கணக்குப்படி மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் ஆகவில்லை! வகுப்பில் இதைச் சொல்லும்போது, "சார், நான் துலாம்" என்று யாராவது ஒருவர் வருஷா வருஷம் எழுந்து நிற்பார்கள்.

சந்தில் கண்டதை நம்பலாமா என்று பார்க்க அதற்கென்றே புதிய சோதனை வைக்க வேண்டும். வைத்தார்கள். 2016-இல் வந்த ஒன்றில், கடும் வலி உள்ள 606 பேரிடம் கூட்டு மாத்திரையும் செலிகாக்சிப்பும் சமமாக நின்றன. பணம் கொடுத்தது கூட்டு மாத்திரை தயாரிப்பாளர். வெற்று மாத்திரைக் குழுவே அதில் இல்லை. இருவர் சமமாக ஓடினார்கள் என்றால் இருவரும் வேகமாக ஓடினார்கள் என்று அர்த்தமில்லை. மறு வருஷம் ஸ்பெயினிலிருந்து வந்த சோதனையில் வெற்று மாத்திரை இருந்தது. அதில் வெற்று மாத்திரைதான் ஜெயித்தது, வலிக் குறைவு 33 சதவீதம். கூட்டு மாத்திரைக்கு 19. 164 பேரோடு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சித்திக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, மாதாமாதம் காசு போகிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இனி என் கட்சி, பயிற்சி. தொடையின் முன்தசையை வலுவாக்குவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, எடையைக் குறைப்பது. அடுத்தவர் கட்சியைக் கிழித்த அதே கத்தரியை இங்கேயும் வைக்காவிட்டால் அது நியாயமில்லை.

வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடம்தான். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பு 2024-இல் 139 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. போலிச் சிகிச்சை அல்லது வெறும் கவனிப்பு கிடைத்தவர்களை விட, பயிற்சி செய்தவர்களுக்கு நூற்றுக்கு எட்டே முக்கால் புள்ளி அளவுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்தது. நோயாளி உணரும் அளவுக்கு அது பெரிதா என்பதே கேள்வி. தவிர, பயிற்சியில் மறைப்பது நடக்காத காரியம். காலை நீட்டி மடக்குகிறவருக்குத் தான் காலை நீட்டி மடக்குவது தெரியாமல் எப்படி இருக்கும்? 2022-இல் டென்மார்க்கில் இன்னும் துணிந்து ஒன்று செய்தார்கள். 206 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரப் பயிற்சி. மீதிப் பேருக்கு, இது வெறும் உப்புநீர்தான் என்று வெளிப்படையாகச் சொல்லியே முட்டியில் ஊசி. முடிவில் இரண்டு குழுவும் ஒன்றுதான். இதை நான் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

எடைக் குறைப்பின் பக்கம் கொஞ்சம் தெம்பு இருக்கிறது. உடல் பருமனும் முட்டி வலியும் சேர்ந்த 407 பேரிடம் செமாக்ளூட்டைட் என்ற எடை குறைக்கும் ஊசியைச் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. 68 வாரத்தில் மருந்துக் குழுவில் எடை 13.7 சதவீதம் இறங்கியது, வலி நூற்றுக்கு 41.7 புள்ளி குறைந்தது. பெரிய எண். ஆனால் வெற்று ஊசியோடு சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கும் 27.5 புள்ளி குறைந்திருந்தது. மருந்துக்குச் சேர வேண்டியது இடைவெளியான 14 புள்ளிதான். அதுவும் நல்ல இடைவெளி. அம்மாவின் உடம்பு அந்த அளவு பருமன் இல்லை; நாலைந்து கிலோ குறைக்கலாம், அவ்வளவே.

கடைசியாக மூட்டு மாற்று. இரண்டாவது டாக்டர் சொன்னது. இதற்குப் போலி ஆபரேஷன் வைத்த சோதனையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் குலுக்கல் முறையில் ஒன்று உண்டு, டென்மார்க்கில் 100 பேர், 2015. பாதிப் பேருக்கு மாற்று அறுவையோடு 12 வாரப் பயிற்சி, மீதிப் பேருக்குப் பயிற்சி, உணவு, மருந்து மட்டும். வலி, அன்றாட நடமாட்டம் எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் போட்ட மார்க்கில், ஒரு வருஷத்தில் அறுவைக் குழு 32.5 புள்ளி முன்னேறியது, மற்றது 16. முதல் நான்கைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால்தான் அந்த இடைவெளியின் அளவு தெரியும். அறுவை இல்லாத ஐம்பது பேரில் 13 பேர் வருஷம் முடிவதற்குள் தாங்க முடியாமல் அறுவைக்குப் போனார்கள். அவர்களையும் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள், அப்படியும் இவ்வளவு வித்தியாசம். மறைப்பு இல்லாத சோதனையாக இருந்தும் நான் இதை நம்புவதற்குக் காரணம் இந்த அளவுதான். வெறும் நம்பிக்கை ஒரு வருஷத்துக்கு இவ்வளவு தூரம் தூக்காது.

விலையும் அதே கட்டுரையில் இருக்கிறது. கடுமையான பக்க விளைவுகள் அறுவைக் குழுவில் 24, மற்றதில் 6. அறுவை இல்லாமலேயே 68 சதவீதம் பேருக்கு வலி சொல்லிக்கொள்ளும்படி குறைந்தும் இருந்தது. மாற்றிய மூட்டு எவ்வளவு காலம் வரும் என்பதற்கு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு ஆறுதலானது: சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குகின்றன.

எனக்கு இடறியது வேறு இடத்தில். அந்த 32.5-ஐ அளந்த கேள்வித்தாளை, முட்டி ஆய்வுகளில் அதிகம் புழங்குவது அது, தமிழில் சொல்லி அம்மாவிடம் நிரப்பப் பார்த்தேன். காரில் ஏறி இறங்க முடிகிறதா, காலுறை மாட்ட முடிகிறதா, குளியல் தொட்டிக்குள் இறங்க முடிகிறதா? அம்மா காலுறை போட்டதே இல்லை. "தரையில சம்மணம் போட்டு உட்கார முடியுமான்னு கேட்கலையா?" என்றாள். கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதுதான்: சாமி முன்னால் உட்கார்ந்து விளக்கேற்ற வேண்டும், அரிவாள்மனையில் காய் நறுக்க வேண்டும். மாற்று மூட்டோடு தரையில் உட்கார வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆக 32.5 என்பது நல்ல எண்தான், அம்மா கேட்ட கேள்விக்கான எண் இல்லை.

இதையெல்லாம் வைத்து நாங்கள் எடுத்த முடிவு: பன்னிரண்டு வாரம் பயிற்சி, சாப்பாட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு. பயிற்சியின் ஆதாரம் பலமானது என்பதற்காக இல்லை. தோற்றாலும் எதையும் வெட்டி எறிந்திருக்க மாட்டோம், மூட்டு மாற்று அப்போதும் அங்கேயே இருக்கும். மாற்றிய முட்டியைத் திருப்பி வாங்க முடியாது. தோல்வி என்றால் என்ன என்பதை ஆரம்பிக்கும் முன்பே காலண்டரின் அட்டையில் எழுதி வைத்தோம், பின்னால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லக்கூடாது என்று. கடைசி இரண்டு வாரச் சராசரி 5-க்கு மேல் இருந்தால் இரண்டாவது டாக்டரிடம் திரும்பப் போவது. அம்மா கையெழுத்துப் போட்டாள்.

இப்போது ஒன்பதாவது வாரம். மார்க் 4-இலும் 5-இலும் நிற்கிறது. நேற்று படியிறங்கும் சத்தம் வழக்கத்தை விடச் சீராகக் கேட்டது. சந்தோஷத்தில் சமையலறைக்குப் போனால் காற்றில் கற்பூர வாசனை. ஜன்னல் திட்டில் பாதி தீர்ந்த ஒரு பச்சைச் சீசா.

"பெரியம்மா ஊர்லேருந்து கொண்டு வந்த தைலம். நீ பயிற்சின்னு சொன்ன அன்னிக்கே தேய்க்க ஆரம்பிச்சிட்டேன்" என்றாள் அம்மா. "அதுலதான்டா கேட்குது."